எந்தப் போத்தலில் மருந்து

றொசல்ல,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள தங்கச்சி பவுலினுக்கு, அண்ணன் கஸ்பர் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் சுகம். வலப்பனையில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம்.

ஆராய்ச்சியிலிருந்து என்னை ஏன் நிறுத்தினார்கள் என்று நீ கேட்கும்போதெல்லாம் போன் சிக்னல் அறுந்துவிடுகிறது. எனக்கும் முழுசாக விளங்கவில்லை. விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

தேயிலை ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என்ன சாப்பிட்டாலும் எனக்கு நெஞ்சுக்குக் கீழே எரியும் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, புண் ஒன்றும் இல்லை என்றார்கள். புண் இல்லாமல் ஏன் எரிகிறது என்றேன். அதைத்தான் ஆராய்கிறோம், நீங்களும் சேருகிறீர்களா என்று டாக்டர் அம்மா சிங்களத்தில் கேட்க, நர்ஸ் கிருஷாந்தி தமிழில் விளக்கினாள். பாதிப் பேருக்கு மருந்தாம், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரையாம்.

"எனக்கு எது பிள்ளை?"

"தெரியாது ஐயா."

"டாக்டர் அம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் தெரியக்கூடாது. கொழும்புல இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

வைத்தியம் பார்க்கிறவருக்கே என்ன வைத்தியம் என்று தெரியாமல் இருப்பது எனக்குப் புதுசு. ஆனாலும் போத்தலை வாங்கி வந்து விழுங்கினேன். சில நாளிலேயே எரிச்சல் போன இடம் தெரியவில்லை. உன் அண்ணி வைத்த கருவாட்டுக் குழம்பைக்கூட மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சந்தோஷமாகக் கிளினிக்குக்குப் போனால், கினிகத்தேனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரும் இதே ஆராய்ச்சிதான். "எனக்குத் தந்தது வெறும் மாவு அண்ணே. மாவு என் கடையிலயே மூட்டை மூட்டையா இருக்குதே," என்றார். கடையைத் திறக்கவும் முடியாமல் அவர் கிடக்க, நான் மட்டும் சுகமாகித் திரிவது பாவமாக இருந்தது. அதனால பஸ் ஸ்டாண்டுல வச்சு என் போத்தலை அவருகிட்ட குடுத்துட்டு, அவரு போத்தலை நான் வாங்கிக்கிட்டேன்.

பிறகு நடந்ததுதான் குழப்பம். என் மருந்தை விழுங்கிய நானாவுக்கு எரிச்சல் குறையவில்லை. அவர் மாவை விழுங்கிய எனக்கு எரிச்சல் வரவில்லை. அப்ப அவரு போத்தல்ல இருந்ததுதான் மருந்தா? அப்படின்னா முதல்ல அதைத் தின்ன அவருக்கு ஏன் கேக்கல? என் போத்தல்ல இருந்தது மாவுன்னா எனக்கு எப்படி சுகமாச்சு? யோசிச்சு யோசிச்சுத் தலைவலிதான் வந்துச்சு.

அடுத்த கிளினிக்கில் இரண்டு பேரும் உள்ளதைச் சொன்னோம். டாக்டர் அம்மா ஏசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கிருஷாந்தியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"இனி உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சியில வச்சிருக்க ஏலாதாம் ஐயா," என்றாள் கிருஷாந்தி. "யாருக்கு எது குடுத்தாங்கன்னு கொழும்புல கேட்டுச் சொல்றோம்."

நானாவுக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை, கடை திறக்கிறார். நான் சுகமாகிவிட்டேன், ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். என்ன இருந்தாலும் ஆராய்ச்சி மருந்து ஆராய்ச்சி மருந்துதான் தங்கச்சி. உனக்கு எப்போதாவது எரிந்தால் தயங்காமல் சேர்ந்துவிடு.

மச்சானைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். புனித அந்தோனியார் உங்கள் எல்லோருடைய வயிற்றையும் காப்பாராக.

அன்பு அண்ணன்,
கஸ்பர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் கிருஷாந்தி போன் பண்ணினாள். எனக்கும் நானாவுக்கும் கொடுத்தது இரண்டுமே மாவுதானாம். போனை வைத்ததிலிருந்து நெஞ்சு எரிகிறது. திரும்ப அவளுக்குப் போன் எடுத்து, அந்த மாவு மாத்திரையையாவது தருவீங்களா என்று கேட்டேன். ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம்.