பெயர் வரும் இடத்தில் ஓர் இருமல்

வாணியம்பாடி
ஜூன் 1924, வெள்ளி காலை

மரியாதைக்குரிய மாமு அப்துல் ஹமீத் சாயபு அவர்களுக்கு, மருமகன் அதாவுல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா போனபின் இந்த வீட்டில் மூன்று பேர். யாரைப் பற்றி அப்படி எழுதுவது என்று யோசிக்கிறேன்.

ஒரே வேண்டுகோள். வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு நடை வந்து அத்தாவிடம் பேசுங்கள். தங்கை ஷஹீன் பானுவுக்கும் நயீம் அகமதுக்கும் செய்த நிச்சயத்தை அவர் முறித்தது உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் சண்டைக் காலத்தில் நாம் பதனிட்டு அனுப்பிய தோல் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பூட்ஸாகி, அந்தப் பூட்ஸ் துருக்கி சுல்தானாகிய கலீஃபாவின் பாக்தாதை மிதித்தது என்பது சண்டை முடிந்தபின்தான் அத்தாவுக்கு உறைத்து, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இனி ஒரு தோலும் கிடையாது என்று அறிவித்து, நயீமின் தகப்பனார் வஹீத் சாயபுவும் அப்படியே அறிவிக்க வேண்டும் என்று அவர் வாசலில் நின்று கத்தியபோது, வஹீத் சாயபு கேட்டது இவ்வளவுதான்: "துருக்கிக்காரன் நம்ம தோலை வாங்கிக்கிறானா பாய்? கேட்டுச் சொல்லு."

நிச்சயம் அன்றோடு போயிற்று.

இப்போது துருக்கியே வெள்ளைக்காரனோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இந்த வருஷம் கலீஃபா பதவியையே ஒழித்து, அவரையும் ரயிலேற்றி அனுப்பிவிட்டது. பத்திரிகையைப் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் வெள்ளைக்காரன் அச்சடிச்ச பொய்டா."

"ஒரு நாட்டுக்கு மார்க்கம் ஒரு கை, சொந்த நலம் ஒரு கை, அத்தா. சமயத்துக்கு ஒண்ணை நீட்டும்."

"எந்தக் கையால சாப்பிடுதாம்? காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?"

பத்திரிகையை மடித்து வைத்தேன். பதில் தெரிந்திருந்தது.

பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் செய்யும் கத்தீபுக்கும் சிரமம். ஜும்மா குத்பாவில் கலீஃபாவின் பெயர் சொல்லி துஆ கேட்கும் இடம் வரும். சொல்லப் பெயர் இல்லை. இருமுகிறார். இப்போது அந்த இருமல் குத்பாவின் ஒரு பகுதி. சபையில் அத்தா மட்டும் அதற்கு உரக்க ஆமீன் சொல்கிறார். பின்வரிசையில் சிரிக்கிறார்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

ஷஹீன் ஒன்றும் கேட்பதில்லை. நான் பத்திரிகை படிக்கும்போது கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். துருக்கிச் செய்தி முடிந்ததும் போய்விடுகிறாள்.

நயீம் இன்னும் கல்யாணமாகாமல்தான் இருக்கிறான். வாருங்கள். மாமிக்கு என் ஸலாம். உங்கள் வீட்டாருக்கு அல்லாஹ் தேக சுகமும், நாடுகளைப் பற்றிய கவலையில்லாத தூக்கமும் கொடுப்பானாக.

அதாவுல்லா

பின்குறிப்பு: மாமு, நீங்கள் வர வேண்டாம். கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போய் வந்தேன். இன்று கத்தீப் இருமவில்லை. அந்த இடத்தில் நிற்காமலே கடந்து போனார். அத்தாவுக்கு ஆமீன் சொல்ல இடமே கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, துருக்கித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வஹீத் பாய்க்கு ஆள் அனுப்பு. நிக்காஹை முடிச்சிடலாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஷஹீன் பேசினாள்.

"நேத்து ஆம்பூர்ல அவருக்கு நிக்காஹ் ஆயிடுச்சு அத்தா. தெருவுக்கே தெரியும். பேப்பர்லதான் போடலை."

"யாருக்கு, நம்ம..." என்று தொடங்கினார் அத்தா. பெயர் வரும் இடத்தில் இருமினார்.

ஷஹீன் மெதுவாக ஆமீன் என்றாள்.