நீலம் என்றால் பயமில்லை

கருவிக்கண்ணர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது, வாசகரே. சொந்தக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் தெரியாத எதையும் அவர் நம்பமாட்டார். திருப்பதி பவன்குமாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டைச் சிவப்பாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் காட்டும் கேமராவால் கட்டடங்களின் கோளாறைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். அதே கேமராவில் இட்லியைப் பார்த்து, அது ஆறிவிட்டதென்று திரை சொன்ன பிறகே வாயில் வைப்பார். மாமனாரைப் படமெடுத்து, ஆள் கோபமாக இல்லை என்று தெரிந்துகொண்டே வணக்கம் சொல்வார். மே மாத வெயிலில் வெறுங்காலோடு துள்ளிக்கொண்டே தரையைப் படமெடுத்து, சுடுவது உறுதியான பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

இவரை நகரிக்கு வரவழைத்தவள் கன்னிகா. அவளுடைய விசைத்தறிக் கொட்டகையில் மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. அதை ஒட்டி நான்கு தறிகள். அந்தக் குடும்பத்தின் சோறே அவைதான். தறிகளை நகர்த்தவேண்டுமா, வேண்டாமா? அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

பவன்குமார் மூன்று மணி நேரம் படமெடுத்தார். மேற்குச் சுவர் முழுக்க நீலம். தெற்குச் சுவரில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு: ஒரு தலை, இரண்டு தோள், ஒரு முதுகு.

"இதான் டேஞ்சர். ஒடனே இடிக்கணும்."

"எங்க நைனா சாஞ்சிக்கினு இருந்த எடம் சார் அது. இப்பதான் எழுந்து போனாரு."

"கேமரா பொய் சொல்லாதும்மா."

"மேக்கு செவுத்துல கைய வச்சிப் பாருங்க சார். ஜில்லுனு தண்ணி எறங்குது. வெரிசல்ல என் கையே உள்ள போவுது."

"நீலம்னா கூல். கூல்னா சேஃப்."

கையை வைத்தாரா? வைக்கவில்லை. 'மனித வடிவிலான கட்டுமானக் கோளாறு' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்த கன்னிகாவின் அப்பா, நைனா வரதராஜன், அன்றிலிருந்து எந்தச் சுவரிலும் சாய்வதில்லை.

கன்னிகா அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி நான்கு தறிகளையும் தெற்குச் சுவர் ஓரமாக நகர்த்தினாள். மூன்றாம் நாள் மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தறிகள் பிழைத்தன. பவன்குமார் ஓடிவந்து அந்த ஈரக் குவியலைப் படமெடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா, இப்பவும் நீலந்தான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று முதுகில் சட்டை ஒட்டி வியர்வை வழிந்தபோது, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தியா?" என்று வீட்டில் கேட்டார்களே, பதில் சொல்லுமுன் உங்கள் கை எங்கே போனது? செல்போனுக்குத்தானே?