மணமகன் பெயர் கட்டாயமில்லை

நாம் சொல்லாமல் விட்ட இடத்தை உலகம் சும்மா விடாது, தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். சென்னைக்குப் போய் 'எனக்குச் சிவகாசிப் பக்கம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்குப் பட்டாசு ஆலை இருக்கிறது என்று அவர்களே முடிவு செய்து, தீபாவளிக்கு ஒரு பெட்டி கேட்பார்கள். (என் அப்பா ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஆலைக்குத் தினமும் வேனில் தொங்கிக்கொண்டு போனவர். எங்கள் வீட்டிலேயே தீபாவளிக்கு மத்தாப்புதான்.)

இந்த உண்மை எனக்கு அப்போதே தெரிந்திருந்தால், ஊர்கூடிப் பார்க்க என் முதலாளியின் மனைவிக்கு நான் மாப்பிள்ளை ஆகியிருக்க மாட்டேன்.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். விருதுநகரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கும் இடம். முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சிக்கு ஒரு ஆசை வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவரவர் ஊரிலிருந்தே இணையத்தில் விவரங்களை அடித்தால், இங்கே பத்திரிகை தானாக அச்சாகி விழ வேண்டும்.

"முடியுமாலே?" என்றார்.

"ஒரே ஃபங்ஷன்ல முடிச்சிரலாம் மொதலாளி" என்றேன். (அவர் மண்டபம், சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.)

வெப் புரோகிராமிங்கில் ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்ய எழுதி வைக்கும் நிரல். அதற்கு நாம் கொடுக்கும் விவரங்கள் ஆர்க்யுமென்ட். சிலவற்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். சிலவற்றைக் கொடுக்காமல் விட்டால், நாம் முன்பே எழுதி வைத்த மதிப்பை அது எடுத்துக்கொள்ளும். அதற்கு டிஃபால்ட் என்று பெயர். பத்திரிகையின் உச்சியில் எந்தச் சாமி என்று சொல்லாவிட்டால் பிள்ளையார். இதுவரை சரி. சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் மணமகன் பெயரை அடிக்கச் சோம்பல்பட்டு, அதற்கும் ஒரு டிஃபால்ட் வைத்தேன். 'செல்வகுமார்' என்று என் பெயரையே வைத்தேன். பத்திரிகையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மணமகள் இடத்தில் யார் பெயரையும் போட அம்புட்டு தைரியம் இல்லை.

அத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். ஒருநாள் முதலாளி தானே உட்கார்ந்து பார்த்தார், மணமகன் கட்டத்தைக் காலியாக விட்டார். அங்கேதான் ஒரு சூட்சுமம். விவரத்தையே கொடுக்காவிட்டால்தான் டிஃபால்ட் வரும். காலிக் கட்டமும் 'ஒன்றும் இல்லை' என்ற ஒரு விவரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே டிஃபால்ட் வரவில்லை. பத்திரிகையில் மணமகன் இடம் வெறிச்சென்று வந்தது.

"என்னலே, மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா? எங்கனயும் காலியா வரக் கூடாது!"

கூடாது என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? பெயரைக் கொடுக்கும்வரை அச்சடிக்க மாட்டேன் என்று கணினி மறுத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கட்டாயம்தானே! நானோ, காலியாக வந்தாலும் டிஃபால்ட்டை எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, என் மேதைமையை நானே மெச்சிக்கொண்டேன். என் பெயரைத் திறப்பு விழாவுக்கு முன் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன்.

திறப்பு விழா பிரஸ் வளாகத்திலேயே பந்தல் போட்டு நடந்தது. பட்டாசு ஆலைக்காரர்கள், பேப்பர் ஏஜென்டுகள் எல்லாம் வந்திருந்தார்கள். அவர்களோடு இரண்டாவது வரிசையில், எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் இருந்தார். தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையின் போர்மேன். பெண் பெயர் ஜெயந்தி. போட்டோவில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பையன் செய்யிற வேலையை இந்தக் கண்ணால பாக்கணும், பொறவுதான் பேச்சு" என்று அவர் சொல்லியிருந்தார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

முதல் ஆர்டர் முதலாளி வீட்டு விசேஷம்: அவருடைய அறுபதாம் கல்யாணம். விவரங்களை அடிப்பது அவர் மனைவி பாக்கியத்தம்மாள்.

"ஒரு பய கிட்டப் போகக் கூடாது. அவளா அடிக்கணும், அப்பத்தான் இது எம்புட்டு லேசுன்னு தெரியும்" என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். அந்த அம்மா ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்து முடித்தார். பிரிண்டர் இரைந்தது. கார்டு விழ விழ, பைண்டிங் ஆட்கள் காரச்சேவு பொட்டலத்தோடு சேர்த்துக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். நான் மைக்கில், "இனிமே புரூஃப் பாக்க வேண்டாம், தப்பு வரவே வராது" என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"ஏலே, யாருலே இந்தச் செல்வகுமாரு?"

"அந்தா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கானே, அவந்தான்!"

ஒரு கார்டை வாங்கிப் பார்த்தேன். செல்வகுமாராகிய எனக்கும் பாக்கியத்தம்மாளுக்கும் அறுபதாம் கல்யாணம். எனக்கு வயது இருபத்தைந்து. கீழே, 'தங்கள் வருகையை எதிர்நோக்கும் மகன்கள்' என்று முதலாளியின் பிள்ளைகள் பெயர். மூத்த மகனுக்கு என்னைவிட வயது அதிகம்.

முதலாளி என் பக்கத்தில் வந்தார். மைக் என் கையில்தான் இருந்தது, ஊருக்கே கேட்டது.

"எம் பொண்டாட்டிக்கும் உனக்கும் எப்பலே கல்யாணம்?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். விளக்கம் சொன்னேன்.

"இது டிஃபால்ட்டு மொதலாளி. நீங்க இல்லாத எடத்துல தானா நான் வந்துருவேன்."

பந்தல் அதிர்ந்தது. காரச்சேவு புரையேறி ஒரு ஏஜென்டுக்கு முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. முதலாளி மனைவி பக்கம் திரும்பினார். "எம் பேரை ஏன் அடிக்கலை?"

"நல்லா கேட்டீக! வாயால சொல்லக் கூடாத பேரை வெரலால சொல்லலாமாக்கும்? நம்ம கம்பெனி கம்ப்யூட்டருக்கு மொதலாளி பேரு தெரியாமலா போயிரும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா.

(வெள்ளைச்சாமி என்ற பெயரை அவர் கட்டிக்காத்த விதம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமையைக்கூட 'வியாழனுக்கு மறுநாள்' என்பாராம்.)

"நாளையில இருந்து இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது, ஓடு!" என்றார் முதலாளி என்னிடம். என் வேலை போனது. அதைவிட, இரண்டாவது வரிசையில் போர்மேனின் நாற்காலி காலியாக இருந்தது.

அப்போது அம்மா எழுந்துவந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"அந்தப் புள்ளைய வையாதீக. எளுதாம விட்டது நான். எல்லாரும் கேட்டுக்கோங்க, எம் மாப்பிள்ளை பேரு வெள்ளைச்சாமி."

முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மைக்குல சரியா விளலை. இன்னொருக்கா சொல்லு."

வேலை தப்பியது. தாயில்பட்டியிலிருந்து மட்டும் தகவலே இல்லை. நான் தாடி வளர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போர்மேன் போன் செய்தார்.

"தம்பி, கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காமிச்சேன். எம் மக சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கலை. அம்புட்டுக் கூட்டத்துலயும் ஓடாம நின்னவருக்குத்தான் கழுத்தை நீட்டுவேங்கா."

(மைக் ஒயர் காலில் சுற்றியிருந்ததால்தான் ஓடவில்லை. இதை நான் இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.)

கல்யாணம் ஆன முதல் வாரமே ஆமத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி, "செல்வகுமாரு, சாப்பிட வாங்க!" என்று கூப்பிட்டாள் ஜெயந்தி. என் அம்மா பதறிப்போனார்.

"என்னத்தா, புருசன் பேரை இப்படி ஏலம் போடுத?"

"சொல்லாம விட்டா எவன் பேரு வந்து விளுமோ, யாரு கண்டா அத்தை?"

இன்று எங்கள் சொந்தபந்தத்தில் இளம்பெண்கள் எல்லோரும் இதையே சொல்லித்தான் புருஷன்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தப் புருஷன்மார்களோ, விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவதில்லை.