சிஸ்டத்தில் ஒருத்திதான்

மனிதர்களில் சிஸ்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பிள்ளைகளின் விவரத்தை எங்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் நிச்சயம் ஒருவர் இருப்பார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். வணக்கம் சொன்னால் திரையைப் பார்த்துப் பதில் வணக்கம் சொல்வார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மவுஸை இரண்டு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, "சிஸ்டத்துல காட்டலியே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லத் தெரியாதவர். பொய் சொல்வதற்கும் சொந்தமாக ஏதாவது தோன்ற வேண்டுமே!

என் அக்கா மகளுக்கு இரட்டைப் பெண்கள். எங்கள் குடும்பத்தில் இரட்டை புதிதல்ல. என் சின்னம்மாவுக்கு ஒரு ஜோடி, அந்த ஜோடியில் மூத்தவளின் மகனுக்கு ஒரு ஜோடி, அப்புறம் இது. இரண்டு பேரும் ஒரே கல்லூரி. பெரியவள் கணக்கு, சின்னவள் வேதியியல். திங்கட்கிழமை பரீட்சை. பெரியவளுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது, சின்னவளுக்கு வரவில்லை. அது இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு வருஷம் போச்சு. அம்மா, பெண்கள் இருவர், துணைக்கு நான் என்று நாலு பேரும் அலுவலகத்துக்குப் போனோம்.

"சார், எனக்கு ஹால் டிக்கெட் வரல சார்."

இரண்டு தட்டு. "அனுப்பியாச்சேம்மா."

"அது அக்காவோடது சார். நான் தங்கச்சி."

"தங்கச்சின்னு சிஸ்டத்துல யாரும் காட்டலியே."

நடந்தது இதுதான். ஒரே பிள்ளையின் விவரம் தவறுதலாக இரண்டு முறை ஏறியிருந்தால், அவற்றை ஒன்றாக்கிச் சுத்தம் செய்யும் வேலையை விடுமுறையில் இவர் பார்த்திருக்கிறார். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே போன் நம்பர், ஒரே பிறந்த தேதி, அதெல்லாம் போதாதென்று ஒரே முகம். 'இவர்கள் ஒருவரா?' என்று சிஸ்டம் கேட்டது. இவர் 'ஆம்' என்று தட்டினார். தீர்ந்தது.

"பேரு வேற வேறயாச்சே சார்?" என்றாள் என் அக்கா மகள்.

"அதை நான் விட்டுடலம்மா. 'வேறு பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பத்திரமா இருக்கு."

"ரெண்டு வகுப்புலயும் வருகை போட்டிருப்பாங்களே?"

"ஆமா. உங்க பொண்ணு ஒரே மணிக்கு ரெண்டு வகுப்புல இருந்திருக்கா. நூத்துக்கு நூத்தித் தொண்ணூறு. காலேஜ்லயே முதல் இடம்."

குரலில் பெற்றவனின் பெருமை இருந்தது.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. ரெண்டு பேர் நிக்கிறோம் சார்" என்றாள் சின்னவள்.

பார்த்தார். பாவம், நன்றாகவே பார்த்தார். இவளை, அவளை, மறுபடி இவளை. பிறகு திரையைப் பார்த்தார். "நிக்கிறீங்கதான். நான் இல்லங்கல. சிஸ்டம் ஒத்துக்கணுமில்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, எங்க சின்னம்மா வழியில பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, சின்னம்மாவுக்குக் கட்டம் இல்லீங்க."

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னோடதை வச்சுக்கிட்டுப் போடி" என்றாள் பெரியவள்.

"உன்னுது கணக்குப் பரீட்சைக்குடி. நான் போய் எழுதினா ரெண்டு பேரும் ஃபெயில்."

சிஸ்டக்காரருக்கும் ஈரம் உண்டு. நெடுநேரம் தட்டினார். "புதுசா ஒருத்தரைச் சேர்த்து, வருகையை ரெண்டாப் பிரிச்சுடலாம். ஆனா ஒரு தடவை 'ஆம்'னுட்டதால, ஒரே தேதின்னா இனி கேக்காமலே ஒண்ணாக்கிடும். சின்னவ மறுநாள் பொறந்தான்னு போட்டா ஏத்துக்கும்."

"மறுநாளா? ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகல சார் நடுவுல! ஒரு நாள் பூரா நான் வலியில கிடந்தேன்னா எழுதப் போறீங்க?"

"வலிக்குக் கட்டம் இல்லம்மா."

"நாளைக்குச் சர்டிபிகேட்டுல தேதி மாறி வந்தா?"

"அது வேற சிஸ்டம்."

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பெற்ற வயிற்றைச் சேலையால் இழுத்து மூடிக்கொண்டு, "போடுங்க" என்றாள்.

பிரின்டர் முனகிக்கொண்டே ஹால் டிக்கெட்டைத் துப்பியது. சிஸ்டக்காரர் முதல் முறையாகச் சின்னவளைப் பார்த்துச் சிரித்தார். "இப்பதான்மா நீ இருக்கே."

அவள் திங்கட்கிழமை பரீட்சை எழுதினாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே அதிகாரம். "ஒரு நாள் மூத்தவ சொல்றேன், போய்த் தண்ணி கொண்டாடி" என்கிறாள் பெரியவள். கேட்டால், சிஸ்டத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் தம்பி மகன் கையும் பையுமாக வாசலில் வந்து நின்றபோது, 'வாப்பா' என்று சொல்வதற்கு முன் போனை எடுத்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "நீ வர்றதா குரூப்ல போடலியே" என்று கேட்டது யார்? பிள்ளை அதுவரை வெயிலில்தானே நின்றான்?

அந்த அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் விண்ணப்பம் போட வேண்டாம். உங்கள் பெயர் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும்.