எல்லாரையும் முதலில் விட்டவன் எழுதுவது

கோபமாக இருக்கும் அன்பு அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். நீ நலமில்லை என்பது, என் குரல் கேட்டதும் மூன்று தடவை போனை வைத்ததிலேயே தெரிந்தது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். படித்துவிட்டுக் கிழி.

பாப்பாவின் வேலை இன்டர்வியூ பாதியில் நின்றதற்கு நான்தான் காரணம். "எங்க ஆபீசில் வந்து பேசட்டும், வீடியோ தண்ணி மாதிரி ஓடும்" என்று கூப்பிட்டவனும் நான்தான். எங்க பழைய கட்டடத்தில் வீடியோவுல பேசணும்னா முன்னாலயே சொல்லி வைக்கணும். நெட் வயர் போற வழியில் இருக்கிற பெட்டியெல்லாம் சரின்னா, அந்தப் பேச்சுக்குன்னே இடம் ஒதுக்கிடும், பஸ்ல சீட்டு ரிசர்வ் பண்ற மாதிரி. புதுக் கட்டடத்தில் ரிசர்வே கிடையாது. வர்றதுக்கெல்லாம் ஒரு முத்திரை, முதல் முத்திரை இருந்தா முதல்ல போகும். பழைய கட்டடத்துப் பேச்சு புதுக் கட்டடம் வழியாத்தான் வெளியே போகும்; ரெண்டுக்கும் நடுவுல வயர் இழுத்தது நான். "அங்க ரிசர்வ் பண்ணி வர்ற பேச்சுக்கு மட்டும் இங்க முதல் முத்திரை குத்து"ன்னு இன்ஜினியர் முத்திரைப் பட்டியலை என் கையில கொடுத்தார். அப்படித்தான் குத்தினேன். அப்புறம் டைப்பிஸ்ட் அம்மா வந்து, "அண்ணே, என் லைன் நத்தையா ஊருது"ன்னாங்க. வாட்ச்மேன், "நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்"னார். இல்லைன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வராதே. ஆபீசில் இருக்கிற நாற்பத்தோரு பேருக்கும் முதல் முத்திரை. பாப்பா பேச்சு பழைய கட்டடம் முழுக்க ராணி மாதிரி வந்து, இந்தப் பக்கம் வாட்ச்மேன் பார்த்த குத்துச்சண்டை வீடியோவுக்குப் பின்னால நின்னுச்சு. "உங்க பலம் என்ன?"ன்னு கேட்டாங்க, வாயைத் திறந்தபடியே திரையில உறைஞ்சிட்டா. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. இன்ஜினியர், "எல்லாரையும் முதல்ல விட்டா எவன்யா பின்னால நிப்பான்?"னார். பாப்பா மட்டும், "பரவாயில்ல மாமா"ன்னா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் அக்கா. ரெண்டு வருஷம் கண்ணு வீங்கப் படிச்ச பொண்ணு.

அந்த கம்பெனிக்கு இன்ஜினியரே எழுதிக் கேட்டார். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி பேசச் சொல்லியிருக்காங்க. நாற்பத்தோரு முத்திரையையும் பிடுங்கிட்டேன்; ஆபீசில் ஒருத்தரும் என் முகத்தில் முழிக்கறதில்லை. தயங்காம பாப்பாவை இங்கேயே அனுப்பு.

அத்தானுக்கு வணக்கம், என்னைப் பற்றி அவர் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு என் ஆசி, எடுபடுமானால்.

உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது இன்ஜினியர் வந்தார். திங்கட்கிழமை அவருக்கு லீவாம்; பட்டியல் என் பொறுப்பாம். விஷயம் தெரிந்து ரெண்டு பேர் இப்பவே சிரிச்சுப் பேசிட்டுப் போறாங்க. பாப்பாவை வேற எங்கேயாவது உட்கார வைச்சுடு அக்கா.