அரை மணி நேர அப்பா

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த இரண்டாம் ஆண்டில், என் கல்வி ஆலோசகரின் அறையில் உட்கார்ந்துதான் இதைக் கண்டுபிடித்தேன்.

கல்வி ஆலோசகர் எதற்கு இருக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது மாணவர்கள் அவரைப் பார்த்து, எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்று பேசி முடிவு செய்ய வேண்டுமாம். நான் மூன்று பருவங்களாக அவர் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாடங்களை நானே தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஒரே ஒரு விதிதான்: வகுப்பு காலை பதினொன்றுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. (சுங்கை பினாங்கிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டலாம்.) இதன் பலனாக நான்கு வெவ்வேறு போர்களைப் படித்து முடித்திருந்தேன். வேறு எதையும் உருப்படியாகப் படிக்கவில்லை.

நான்காம் பருவத்தின் இரண்டாம் வாரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் பாடப் பதிவு பற்றிப் பேச வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்து பார்க்கவும். டாக்டர் ஆயிஷா.’

இடைநிலைப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் அறைக்கு அழைத்தால், அப்பாவோடுதான் போக வேண்டும். இங்கும் அப்படித்தான் என்று நானாகவே முடிவு கட்டினேன். ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த அவர், நான் வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோதே முகம் சுளித்தவர். “ஏதாச்சும் பிரச்சனைன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே நிப்பாட்டி எங்க ஃபேக்டரியில சேத்து விட்டுருவேன், பாத்துக்கோ” என்று எச்சரித்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். எனக்கோ, அந்த நான்கு போர்களுக்கு நடுவில் வரலாறு உண்மையிலேயே பிடித்துப் போயிருந்தது.

எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டுச் சிவா அண்ணனிடம் போய் நின்றேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனில் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு நாள் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ பள்ளிக்கூடம் போய் வந்த அனுபவசாலி.

“டென்ஷன் ஆகாத லா தங்கச்சி. நான் எத்தன சிக்குவை, எத்தன வாத்தியாரைப் பாத்திருக்கேன்! ரெண்டு சொட்டுக் கண்ணீர் போதும், விட்டுருவாங்க.”

ஒரே ஒரு சிக்கல். எனக்கு இருபத்தொரு வயது, அண்ணனுக்கு முப்பத்து நான்கு. முகப் பவுடரைத் தலையில் தூவி அவரை நரைக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் வெயிலில், வேனைக் கீழே நிறுத்திவிட்டு மேடேறியதில், அந்த நரை வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஆயிஷா தலையை மூடித் தூடோங் முக்காடு அணிந்திருந்தார், மலாயில் வரவேற்றார். மலாய்க்காரர் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். (பினாங்கில் பிறந்து வளர்ந்த ஒருத்தி செய்யும் தப்பா இது?) “இவர் என் அப்பா” என்று நானும் மலாயில் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், நாற்காலிகளைக் காட்டினார். உடனே நாங்கள் தமிழுக்குத் தாவினோம்.

“அண்ணே, அழுங்க.”

“இப்பவேவா? இன்னும் திட்டவே ஆரம்பிக்கலையே லா.”

“நெத்தியத் தொடைக்காதீங்க, நரை போயிரும்!”

“சரி சரி. உங்கப்பா பேரு என்ன சொன்ன? முனியாண்டியா?”

“முனுசாமி!”

அண்ணன் அழுதார். தத்ரூபமாக அழுதார். தாயில்லாத பிள்ளை, மன்னித்து விடுங்கள் என்று மலாயில் கெஞ்சினார். (அம்மா அந்நேரம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.)

டாக்டர் ஆயிஷா டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, நல்ல தமிழில் சொன்னார்: “மொதல்ல தலையைத் தொடச்சுக்குங்க. கண்ணை அப்புறம் பாத்துக்கலாம்.”

நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“நான் நாசி கண்டார் சோத்துக் கடைக்காரர் மவ. தமிழ் முஸ்லிம். எங்க வீட்டுல தமிழ்தான். ஆமா, உங்களுக்கு என்ன வயசு?”

“முப்பத்து நாலு” என்று அண்ணன் உண்மையைக் கக்கிவிட்டார்.

“இவ சேர்க்கைப் பாரத்துல அப்பாவுக்கு அம்பத்து மூணுன்னு எழுதியிருக்கா. நீதான் வரலாறு படிக்கிற பொண்ணாச்சே, சொல்லு. ரெண்டு ஆதாரம் முரண்பட்டா எதை நம்புறது?”

“பாரத்தை, டாக்டர்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அப்பாவைக் கூட்டிட்டு வான்னு நான் எழுதவே இல்லையேம்மா!” என்றவர், பிறகு சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார். வரலாற்று ஆய்வு முறை என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. அதை நான் எடுக்கவே இல்லை. எடுக்காவிட்டால் இறுதியாண்டு ஆய்வேடு எழுத முடியாது. ஆண்டுக்கு ஒரு முறைதான் அது நடக்கும். பதிவு அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. தவறினால் ஓர் ஆண்டு கூடுதலாகப் படிக்க வேண்டும். அப்பாவின் தொழிற்சாலை என் கண்முன் வந்து நின்றது.

டாக்டர் ஆயிஷா எங்களை அந்தப் பாடத்தின் விரிவுரையாளரிடம் கூட்டிப் போனார். வகுப்பில் இடமில்லை என்றார் அவர். “ஒரு நாற்காலி கூடப் போட்டா செவரு இடிஞ்சிருமா?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார் டாக்டர் ஆயிஷா. அங்கிருந்து அலுவலகத்துக்கு வேகவேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன், எனக்குப் பின்னால் பாதி நரையோடு சிவா அண்ணன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவு முடிந்தது. அதோடு விடாமல், என்னை மறுபடியும் உட்கார வைத்து, மீதி எல்லாப் பருவங்களுக்கும் பாடங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் நினைத்திருந்தால் என்மேல் புகார் எழுதியிருக்கலாம். அந்த மின்னஞ்சலை அனுப்பாமலே இருந்திருக்கலாம். மூன்று பருவங்கள் எட்டிப் பார்க்காத ஒருத்திக்காக அவர் ஏன் அப்படி ஓடினார் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

(வகுப்பு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. ஒரு நாளும் தவறவில்லை.)

பட்டமளிப்பு நாளில்தான் குட்டு உடைந்தது. மண்டபத்து வாசலில் அப்பாவைப் பார்த்த டாக்டர் ஆயிஷா, “ஓ, இவருதான் அசலா?” என்று கேட்டுவிட்டார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா முதலில் கேட்டது இதைத்தான்.

“சிவா அழுதானா?”

“நல்லா அழுதாருப்பா.”

“நான் வந்திருந்தா சண்டை போட்டு உன்னை இழுத்துட்டுப் போயிருப்பேன். அவன் வந்ததே நல்லதாப் போச்சு.”

இப்போது நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அப்பா சிவா அண்ணனை இழுத்துக்கொண்டு போய் விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்துகிறார்: “மகளைப் பெத்தது நானு. அழுதது இவரு. படிக்க வச்சது அந்த டாக்டரம்மா.”