மணிக் கயிற்றில் ஈரப் புடவை

கல்யாணமான புதிதில் எந்தப் பெண்ணுக்கும் புத்தி கொஞ்சம் தடுமாறும். எனக்கு அதற்கு முன்னும் பின்னும்கூட அது நேராக நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்காரர் காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தீப்பிடித்தால் உடனே ஓட வேண்டுமென்று, தீயணைப்புக்காரர்களுக்கு ஒரே வரிசையில் ஒட்டினாற்போல் லைன் வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கடைசி வீடு எங்களுடையது. நான் குடிவந்த அந்த வாரமே, மகள் குடித்தனத்தைப் பார்க்க ஆலங்காயத்திலிருந்து அப்பா வருவதாக இருந்தது. அடுப்பில் ஈர விறகு, வீடெல்லாம் புகை. (எனக்குச் சமைக்கத் தெரியும் என்று அம்மா சொன்னது பொய்.)

துவைத்த புடவையோடு வெளியே வந்தேன். சுவரோரக் கம்பத்திலிருந்து நல்ல கயிறொன்று சும்மா தொங்கியது. அதை இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டிப் புடவையைப் போட்டேன்.

டண்! டண்! டண்!

கம்பத்தின் உச்சியில் மணி இருப்பதை அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். காற்றில் புடவை ஆட ஆட மணி அடித்தது. முடிச்சோ இறுகிவிட்டது. எல்லாக் கதவும் திறந்தன. சோற்றுக் கையோடு ஒருவர், பாதி மழித்த முகத்தோடு ஒருவர், துண்டோடு என் வீட்டுக்காரர். (துண்டு மட்டும்தான்.)

"எங்கடா நெருப்பு?" என்று தீயணைப்புப் படைத் தலைவரான ஜமேதார் கத்தினார்.

"கடைசி வூட்ல பொக வருது சார்!"

"ஐயோ, அது கொழம்புங்க!" என்று அலறினேன். அதற்குள் பம்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சிவிட்டது. குழம்பும் பாயும் சீதனத் தலையணையும் மிதந்தன. அந்த நேரம் பார்த்து வாசலில் பலாப்பழத்தோடு அப்பா.

ஜமேதார் கயிற்றைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம், "இன்னிக்கே வூட்டக் காலி பண்ணுய்யா!" என்றார்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசாதான் முன்னால் வந்தாள். "புதுசா வந்த பொண்ணு சார். மணிக் கயிறுன்னு நாங்க யாரும் சொல்லலியே. வுட்டுடுங்க சார்."

வீடு தப்பியது. ஆனால், லைனில் இனி யாருமே துணி காயப்போடக் கூடாது என்று உத்தரவு! அத்தனை பெண்களும் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு பாலாற்று மணலுக்கு நடந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை, மெஹருன்னிசாகூட. தினமும் நனைந்த தலையணையில் படுத்து, அதை இன்னும் நனைத்தேன்.

கோபம் தீர்ந்தபோது எனக்கு மணியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவே ஒட்டிக்கொண்டது. என் பிள்ளைகள் பள்ளியில் அம்மா பெயரென்று அதைத்தான் சொன்னார்கள். போன மாதம் வேதக் கோயிலில், சின்னக் குழந்தையில் ஞானஸ்நானத்தின்போது எனக்கு வைத்த பெயரைச் சொல்லி, "எஸ்தர் அம்மாள் வந்திருக்கிறார்களா?" என்று போதகர் கேட்டார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.